டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கு எந்தக் கிளச், எந்த ஃப்ளைவீல்?

வாசகர் கேள்வி: "அண்ணன், என்னிடம் 2003 சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் இருக்கு, டர்போ, ஐந்து கியர் மெனுவல். கொழும்பில் ஈ.சி.யூ. (எஞ்சின் கொம்பியூட்டர்) டியூன் பண்ணி எக்ஸோஸ்டும் மாற்றினேன். இப்ப 280 குதிரைவலு என்று சொன்னாங்க. கிரான் தாண்டி வாழைச்சேனைப் பக்கம் நேர் ரோட்டில் நாலாம் கியரில் மிதித்தால் 3500க்குக் கிட்ட ஆர்.பி.எம். மட்டும் துள்ளி ஏறுது, கார் இழுக்குதில்ல, மணமும் வருது. கல்லடியில் இருந்து கல்முனைக்கு தினமும் இதில்தான் வேலைக்குப் போறன், இடைக்கிடை பதுளைக்கும் போவன், கட்டுக்குருந்தை ரேஸ் திடலில் ஒரு தரமாவது ஓடிப் பார்க்கவும் ஆசை. கொழும்புக் கடையில் ஆறு துண்டு செரமிக் பிளேட்டும் 4 கிலோ அலுமினியம் ஃப்ளைவீலும் எடுக்கச் சொல்றாங்க. நம்மட ஊர் கராஜில், இருக்கிற ஃப்ளைவீலையே லேத்தில் கடைந்து பாரம் குறைச்சுத் தாறம் என்கிறாங்க. எதைச் செய்ய?"

தம்பி, மற்றதெல்லாம் பிறகு பேசலாம், அந்த லேத் வேலையை மட்டும் யாரும் உங்கள் காரில் செய்ய விடாதீர்கள். ஃப்ளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம், கிளச் பிளேட் அதன் முகத்தில்தான் உராய்ந்து பிடிக்கும். கொம்பனி ஃப்ளைவீல்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. 7000 ஆர்.பி.எம்மில், நடுவிலிருந்து 14 சென்றிமீற்றர் தள்ளி இருக்கும் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது, அந்த வேகத்தில் இரும்பு வெளிப்பக்கமாகப் பிய்ந்து போகத்தான் பார்க்கும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்குவதில் பலவீனமானது. இருபது வருடம் சூடேறி ஆறிய மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மயிர் வெடிப்புகள் இருக்கலாம், அதன் பின்பக்கத்தைக் கடைந்து மெல்லியதாக்கினால் பிளப்பதற்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சுற்றியிருக்கும் பெல் ஹவுசிங் அலுமினியம், உடைந்து வரும் துண்டை அது நிறுத்தாது. அதற்குப் பின்னால்தான் உங்கள் கால்கள் இருக்கின்றன. லேத்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது இதில் கணக்கே இல்லை, அந்த இரும்பு அந்த வேலைக்கு ஆனதல்ல. முகத்தை லேசாகக் கிரைண்ட் பண்ணிச் சமப்படுத்துவது வேறு விடயம், அதைச் செய்யலாம், கீழே சொல்கிறேன்.

அடுத்தது, பிளேட் தேய்ந்ததால்தான் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த எஞ்சினில் பின்பக்க கிராங்க் ஓயில் சீல் கசிந்தாலும் கிளச்சில் எண்ணெய் படும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஓயில் செபரேட்டர் பிளேட், பல எஞ்சின்களில் பிளாஸ்டிக்கில் வந்தது, வருடக்கணக்கில் சூட்டில் வளைந்து அங்கேயிருந்தும் ஒழுகும். அந்த ஒழுக்கை நிறுத்தாமல், எண்ணெய் பட்ட கிளச்சைக் கழட்டி எவ்வளவு விலை உயர்ந்த கிளச் போட்டாலும் சில மாதத்தில் அதுவும் வழுக்கும். இன்னொன்று ஹைட்ரோலிக். மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துவாரம் அடைபட்டாலோ, பெடலுக்குக் கொஞ்சமும் ஃப்ரீ ப்ளே (வெறும் அசைவு) இல்லாமல் இறுக்கி வைத்திருந்தாலோ, கால் எடுத்த பிறகும் கிளச் அரைகுறையாகத்தான் பிடிக்கும். கியர் பொக்ஸ் இறக்க முன்னமே அரை மணித்தியாலத்தில் பார்த்து முடிக்கலாம், அதனால் பெடலில் தொடங்கச் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியதில் ஒரு இலக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது, அது 280 அல்ல, 3500. ஜப்பான் சந்தைக்கு வந்த உங்கள் மாதிரி 6000 ஆர்.பி.எம்மில் 250 குதிரைவலு கொடுக்கும், ஆனால் அதன் உச்ச டொர்க் (முறுக்கு விசை) 3600இல், 34.0 கிலோகிராம் மீற்றர், அதாவது 333 நியூட்டன் மீற்றர். கிளச்சுக்குக் குதிரைவலு என்ற ஒன்று தெரியாது, அது தாங்குவது டொர்க்கை மட்டும்தான். டியூன் பண்ணும்போது டர்போ பூஸ்ட் முதலில் கூடுவது இந்த நடு ஆர்.பி.எம்மில், அதனால்தான் உங்கள் கிளச் 6000இல் இல்லாமல் 3500இல் கைவிடுகிறது. எனவே கடைக்காரர் "எத்தனை குதிரை?" என்று கேட்டு அதை வைத்து ஸ்டேஜ் இரண்டு, ஸ்டேஜ் மூன்று என்று எடுத்துக் கொடுத்தால் நின்று யோசியுங்கள். ஸ்டேஜ் என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு கொம்பனியின் ஸ்டேஜ் இரண்டு இன்னொரு கொம்பனியின் ஸ்டேஜ் ஒன்றை விடக் குறைவாகத் தாங்கலாம். பெட்டியில் எத்தனை நியூட்டன் மீற்றர் என்று இருக்கிறது, அது ஃப்ளைவீலில் அளந்ததா சில்லில் அளந்ததா, இந்த இரண்டையும் கேளுங்கள்.

டியூன் பண்ணின இடத்தில் டைனோ (வலு அளக்கும் மெசின்) தாள் தந்திருப்பார்கள், அதில் டொர்க் கோடு இருக்கும். நான்கு சில்லும் ஓடும் காரில் சில்லில் அளந்த இலக்கம் எஞ்சினில் உள்ளதை விடக் கணிசமாகக் குறைவாக வரும், அதையும் மனதில் வையுங்கள். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு எஞ்சினில் 400 நியூட்டன் மீற்றர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். அதற்கு மேல் 20 முதல் 30 சதவீதம் கையிருப்பு போதும், ஆக 480 முதல் 520 வரை தாங்குகிற கிளச். 700 தாங்கும் ஒன்றைப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இந்தக் காரில் அது கெடுதல். இந்த ஐந்து கியர் பொக்ஸ் பலமான பெட்டி இல்லை என்பது சுபாரு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். முன்சில்லு மட்டும் இழுக்கிற காரில் சடாரென்று கிளச்சை விட்டால் ரயர் கீச்சிட்டுச் சுற்றும், அதோடு அதிர்ச்சி போய்விடும். உங்கள் காரில் நான்கு ரயரும் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ரயர் வழுக்காது, வழுக்காத கிளச்சும் போட்டால் மிச்சம் இருப்பது கியர் பற்கள்தான். வீட்டு பியூஸ் மாதிரி, கொஞ்சம் முந்திப் போகிற ஒன்று அந்த வரிசையில் இருக்க வேண்டும். கியர் பொக்ஸை விடக் கிளச் பிளேட் மலிவு.

இனி அந்த ஆறு துண்டு செரமிக். ஒரு கிளச் எவ்வளவு தாங்கும் என்பதை நான்கு விடயங்கள் தீர்மானிக்கின்றன: உராயும் பொருள், கிளச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிரஷர் பிளேட் அமுக்குகிற விசை, நடுவிலிருந்து உராய்வு எவ்வளவு தூரத்தில் நடக்கிறது, எத்தனை முகங்கள் உராய்கின்றன. இந்தப் பட்டியலில் பரப்பளவு இல்லை என்பதைக் கவனியுங்கள். துண்டு துண்டாக வெட்டியதால் மட்டும் பிடி கூடாது, துண்டுகளில் உள்ள பொருளின் உராய்வு அதிகம், அதனால்தான் பிடிக்கிறது. அந்தப் பொருள் ரேஸில் விழும் சூட்டையும் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிடிப்பதும் விடுவதும் சுவிட்ச் போட்ட மாதிரி, நடுவில் மெதுவாக வழுக்கி எடுக்க இடமே இல்லை. காலையில் காத்தான்குடி மெயின் ரோட்டில் முச்சக்கரவண்டியும் சைக்கிளும் குறுக்கே வர அங்குலம் அங்குலமாக நகர்கிறீர்கள், களுவாஞ்சிக்குடிச் சந்தியில் பஸ் நிற்கிறது, கல்முனை பஸாருக்குள் ஏ.சி. போட்டபடி மறுபடியும் ஊர்கிறீர்கள். செரமிக் கிளச்சில் இப்படி ஒரு மாதம் ஓடினால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் கார் நடுங்கும், ஃப்ளைவீல் முகத்தையும் அது வேகமாகத் தின்னும். வருடத்தில் ஒரு நாள் கட்டுக்குருந்தைக்காக மிச்ச நாளெல்லாம் அந்த நடுக்கத்தோடு வாழ வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, ஓர்கானிக் லைனிங் உள்ள முழு வட்டப் பிளேட், நடுவில் ஸ்பிரிங் உள்ளது, அதோடு கொம்பனியை விட அமுக்கம் கூட்டிய பிரஷர் பிளேட். ஸ்பிரிங் இல்லாத கெட்டி ஹப் பிளேட்டைப் பாரம் குறைவு என்று சொல்லித் தருவார்கள், வேண்டாம். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பு அதிர்வையும் அந்த ஸ்பிரிங்தான் வாங்கிக்கொள்கிறது, அது இல்லாவிட்டால் அதிர்வு நேரே கியர் பொக்ஸுக்குள் போய்ச் சேரும், அந்தப் பெட்டியைப் பற்றித்தான் மேலே சொன்னேனே. இரட்டைப் பிளேட் கிளச் உங்கள் டொர்க்குக்குத் தேவையே இல்லை.

அமுக்கம் கூட்டினால் பெடல் கனக்கும், அதில் தப்ப முடியாது. எக்ஸெடி போன்ற பேர்பெற்ற கொம்பனிகளின் ஓர்கானிக் செட்களில் அந்தக் கனம் தினசரி ஓட்டத்துக்குத் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். ஆனால் பெடலோடு சேர்ந்து ரிலீஸ் ஃபோர்க்கும் அதன் பிவட்டும் ஸ்லேவ் சிலிண்டரும் கிராங்க் த்ரஸ்ட் பேரிங்கும் கூடுதல் பாரம் சுமக்கின்றன. ஆகவே சிக்னலில் நிற்கும்போது கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்தபடி நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நியூட்ரலுக்கு எடுத்துக் காலை எடுங்கள்.

வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. டபிள்யூ.ஆர்.எக்ஸில் ஆண்டைப் பொறுத்து, கிளச்சை இழுத்து விடுவிக்கும் புல் டைப்பும் உண்டு, தள்ளி விடுவிக்கும் புஷ் டைப்பும் உண்டு. ஒன்றின் பிரஷர் பிளேட் மற்றதற்குச் சரிவராது. நம் நாட்டில் இந்தக் கார்களில் பலவற்றுக்கு இடையில் ஒரு தடவையாவது கியர் பொக்ஸ் மாறியிருக்கும், ஆகவே காரின் ஆண்டை மட்டும் சொல்லி ஓடர் பண்ணாதீர்கள். சேசி இலக்கம், கியர் பொக்ஸில் ஒட்டியிருக்கும் இலக்கம் இரண்டையும் கொடுங்கள், முடிந்தால் பெட்டியை இறக்கி, ரிலீஸ் பேரிங் கையில் வந்த பிறகு சாமான் எடுங்கள். கார் இரண்டு நாள் கராஜில் நின்றாலும் பரவாயில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் கிடைக்கும். பழைய ஃப்ளைவீல் எடுக்கலாம், அளந்து பார்த்து. பழைய பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் எடுக்காதீர்கள், பிரஷர் பிளேட்டுக்கு அமுக்கம் கொடுக்கும் டயபிரம் ஸ்பிரிங் எவ்வளவு களைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. போலிச் சாமானும் வருகிறது, ஆகவே பெட்டியை மட்டும் பார்த்து நம்பாமல், பிரஷர் பிளேட் கவரில் பொறித்த இலக்கமும் பெட்டியின் இலக்கமும் ஒன்றா, கொம்பனி பட்டியலில் அந்த இலக்கம் உங்கள் காருக்குத்தானா என்று பாருங்கள்.

ஃப்ளைவீலுக்கு வருவோம், ஆசை கூடிய பகுதி இதுதான் என்று தெரியும். பாரம் குறைந்த ஃப்ளைவீல் எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவும் கூட்டாது. சுற்றுவதை முடுக்க எஞ்சின் செலவழிக்கும் வலுவில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது, அந்த மிச்சம் கியருக்குக் கியர் பெரிதாக மாறும். நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. நடுவிலிருந்து 10 சென்றிமீற்றர் தூரத்தில் 3 கிலோ குறைத்தோம் என்று வையுங்கள். முதல் கியரில் மொத்த விகிதம் 13, ரயரின் ஆரை 31 சென்றிமீற்றர் என்றால், அது காரிலிருந்து சுமார் 53 கிலோ இறக்கியதற்குச் சமம், ஒரு ஆள் இறங்கின மாதிரி. ஐந்தாம் கியரில் மொத்த விகிதம் 3 அளவில், அங்கே அதே ஃப்ளைவீல் இறக்குவது 3 கிலோவுக்கும் குறைவு. வாழைச்சேனை நேர் ரோட்டில் நாலாம், ஐந்தாம் கியரில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். சட்டென்று விழும், கீழ்க்கியருக்கு வரும்போது சட்டென்று ஏறும், அதில் ஒரு சந்தோசம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இந்தக் கணக்கில் தூரம் இருமடிப் பெருக்கத்தில் வருகிறது, ஆகவே தராசில் எத்தனை கிலோ என்பதை விட அந்தப் பாரம் விளிம்பில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதே பெரிது. இரண்டு ஃப்ளைவீல் ஒரே பாரமாக இருந்தும் வேறுவேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அதற்குக் கொடுக்கும் விலை நம் ஊரில் கூடுதல். ஃப்ளைவீல் வெறும் சுழலும் பாரம் மட்டுமில்லை, கிளச்சின் சூட்டை வாங்கி வைக்கும் இடமும் அதுதான். ஒரே இரும்பென்றால், ஒரு ஏற்றத்தில் புறப்படும் சூடு 8 கிலோ ஃப்ளைவீலை 50 பாகை ஏற்றினால் 5 கிலோவை 80 பாகை ஏற்றும். பிபிலை தாண்டி லுணுகலை, பசறை என்று பதுளைக்கு ஏறும்போது முன்னால் லொறி ஒன்று நின்று நின்று போனால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் அந்தச் சூடு சேர்ந்துகொண்டே போகும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும், நல்லதுதான், ஆனால் அதன் முகத்தில் உராய்வது ஆணியடித்த மெல்லிய எஃகுத் தட்டு, சூடேறி அது நெளிந்தால் கிளச் நடுங்கும். அடுத்து ஏ.சி. நம் வெயிலில் ஏ.சி. இல்லாமல் ஓட முடியாது, கொம்பிரசர் பிடிக்கிற நேரம் பார்த்துக் கிளச்சை விட்டால் 4 கிலோ ஃப்ளைவீல் எஞ்சினைக் காப்பாற்றாது, அணைந்துவிடும். நியூட்ரலில் கியர் பொக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். ஈ.சி.யூ. கிராங்கின் வேக ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் மிஸ்ஃபயரை (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவதை) கண்டுபிடிக்கிறது, பாரம் மிகவும் குறைந்தால் இல்லாத மிஸ்ஃபயருக்கும் எஞ்சின் லைட் எரியலாம்.

ஆகவே 4 கிலோ அலுமினியம் வேண்டாம். உங்கள் கார் ஓடுகிற ஓட்டத்துக்கு, இருக்கிற கொம்பனி ஃப்ளைவீலே சரி, வெடிப்பு இல்லாவிட்டால். கியர் மாற்றத்தில் அந்தச் சுறுசுறுப்பு கட்டாயம் வேண்டும் என்று மனம் கேட்டால் குரோமொலி எஃகில் ஒரே துண்டாகச் செய்தது, கொம்பனியை விட ஒன்றரை, இரண்டு கிலோ மட்டும் குறைந்தது, எஸ்.எஃப்.ஐ. 1.1 முத்திரை உள்ளது, அதைப் பாருங்கள். அந்த முத்திரை ஃப்ளைவீலும் கிளச்சும் அதிவேகத்தில் உடைந்து சிதறாமல் நிற்பதற்கான தரம். கட்டுக்குருந்தைக்கு இந்த இரண்டில் எதுவும் போதும். முதல் முறை போகிறவருக்கு நேரத்தைக் குறைத்துத் தருவது பிரேக்கும் ரயரும்தான், ஃப்ளைவீலில் மிச்சம் பிடித்த காசை நல்ல பிரேக் பேட்டில் போடுங்கள்.

பழையதையே வைத்துக்கொள்வதானால், கழட்டியதும் ஒரு விடயம் பார்க்கச் சொல்லுங்கள். சுபாருவில் ஒற்றைத் துண்டு ஃப்ளைவீலும் வரும், நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைத் துண்டும் வரும். கையால் பிடித்து முறுக்கிப் பார்த்தால் இரண்டு அடுக்குக்கு இடையில் அசைவு தெரியும். இரட்டைத் துண்டைக் கிரைண்ட் பண்ண நினைக்காதீர்கள், அது களைத்திருந்தால் ஒற்றைத் துண்டுக்கு மாற்றி, அதற்குப் பொருந்துகிற ஸ்பிரிங் பிளேட்டையும் சேர்த்தே போட வேண்டும். ஒற்றைத் துண்டு என்றால் கிரைண்டரில் முகம் எடுங்கள், லேத்தில் அல்ல. நீலம் பாய்ந்த இடங்களில் இரும்பு கடினப்பட்டிருக்கும், லேத் கத்தி அதன் மேல் ஏறி இறங்கி மேடு விட்டுவிடும். வெடிப்பு நகத்தில் தட்டுப்பட்டால் அந்த ஃப்ளைவீலோடு பேச்சு முடிந்தது, புதியது வாங்குங்கள்.

கியர் பொக்ஸ் இறங்கியிருக்கும் அந்த ஒரே தடவையில் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், பின் கிராங்க் சீல், ஃபோர்க் பிவட், ஃப்ளைவீல் போல்ட்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள், பிளாஸ்டிக் செபரேட்டர் பிளேட் இருந்தால் உலோகத்தில் மாற்றுங்கள். இந்தச் சின்னச் சாமான்களுக்காக இரண்டாம் முறை பெட்டி இறக்குவதுதான் உண்மையான செலவு. போல்ட்டை டொர்க் ரென்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்குக் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும், டொர்க் ரென்ச் இல்லாத கராஜ் என்றால் வேறு கராஜ் தேடுங்கள். பிளேட் ஏறும் கியர் பொக்ஸ் தண்டின் ஸ்பிளைனில் (பல்வரியில்) கிரீஸ் மெல்லிய பூச்சு மட்டும், கூடினால் சுழற்சியில் தெறித்து புதுப் பிளேட்டிலேயே விழும். கிளச் ஃப்ளூயிட்டையும் முழுதாக மாற்றிக் காற்று எடுக்கச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு முதல் 800 கிலோமீற்றர் டர்போவை ஏறவிடாமல் ஓட்டுங்கள். அதுவும் நின்று புறப்படுகிற டவுன் ஓட்டமாக இருக்க வேண்டும், நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போனால் பிளேட் ஒருபோதும் படியாது. கல்லடி, கல்முனை ஓட்டம் இதற்கென்றே அமைந்த மாதிரி, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஆரம்பத்தில் கொஞ்சம் மணம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆயிரம் தாண்டியும் புறப்படும்போது நடுங்கினால் அந்த கராஜுக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.

மாரி மழைக்கு முன் இந்த வேலையை முடித்தால் நல்லது. வெள்ளத்துக்குள் இறக்கிய காரை அப்படியே நிறுத்தி இரண்டு வாரம் விட்டால் பெல் ஹவுசிங்குக்குள் போன தண்ணீரில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும், பிறகு கிளச் மிதித்தாலும் கியர் விழாது. தண்ணீரைக் கடக்க வேண்டி வந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து, முன்னும் பின்னுமாக மெதுவாக நாலைந்து தரம் எடுத்து விட்டு, பிளேட் காய்ந்த பிறகு நிறுத்துங்கள். டைனோ தாளின் படமும் கியர் பொக்ஸ் இலக்கமும் அனுப்பினால் எந்தச் செட் என்று பார்த்துச் சொல்கிறேன்.